இரண்டாம் வகுப்பு டீச்சரின் காது

ஒன்றாம் வகுப்புக்கு விஜயதசமி இருக்கிறது. பச்சரிசியில் விரல் பிடித்து எழுதவைத்து, போட்டோ எடுத்து, தெருவுக்கே மிட்டாய் கொடுக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு முடியப்போகிறது என்றால் அடுத்து எந்த ஹைஸ்கூல் என்ற பேச்சு வீட்டில் கிளம்பிவிடும். இரண்டாம் வகுப்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. ‘ரெண்டாப்பு போறான்’ என்று சொல்வதோடு சரி. ஆனால் ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஒட்டுவதும் ஒட்டாமல் போவதும் அந்த ஒரு வருஷத்தில்தான் என்று, தொடக்கப் பள்ளியிலேயே காலத்தைக் கழித்தவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். ஜூனில் அது எழுத்து தெரிந்த பிள்ளையாக வந்து உட்காருகிறது. ஏப்ரலில் வாசிக்கத் தெரிந்த பிள்ளையாக எழுந்து போக வேண்டும்.

நான் வேலை பார்ப்பது உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. நாலும் ஐந்தும் தலைமை ஆசிரியரிடம். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம். ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், மறு பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல். பள்ளி திறக்கும்போதே மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கிவிடும். ஆடி முடிகிற வரைக்கும் வகுப்பில் ஒரு தாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர முடியாது. வகுப்புக்குள் கம்பிப் பந்தலில் தொங்கவிட்ட படங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படபடக்கும். எங்கள் பிள்ளைகள் எதை எழுதினாலும் இடது முழங்கையால் நோட்டை அழுத்திக்கொண்டுதான் எழுதுவார்கள். காற்று நின்ற பிறகும் பலருக்கு அந்தப் பழக்கம் போகாது.

விடிவதற்கு முன்பே ஊரில் ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள். ஆகஸ்ட் வாக்கில் காய் பறிப்பு மும்முரமாகிவிட்டால் தை பிறக்கிற வரை அந்த ஓட்டம் ஓயாது. மலைக்குப் போகாதவர்களுக்கு உள்ளூரிலேயே கவாத்து, பழ வெட்டு, நடவு, களை. இங்கே திராட்சைக்கு ஓய்வு மாதம் கிடையாது. ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டேதான் இருக்கும். ஆக, என் வகுப்பில் பல பிள்ளைகள் காலையில் அம்மா முகத்தைப் பார்ப்பதில்லை. தலை சீவிவிடுவது அப்பத்தாவோ அம்மாச்சியோ, இல்லையென்றால் அஞ்சாப்புப் படிக்கிற அக்கா.

முன்பெல்லாம் பதினொரு மணிக்கே இரண்டாம் வகுப்பில் சில பிள்ளைகளுக்குக் கண் சொருகும். காலையில் ஒரு டீயும் வர்க்கியும்தான் வயிற்றில் இருக்கும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியில் ஊர் மகளிர் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய் போட்ட சாம்பார். இந்தத் திட்டத்தின் பலனை மற்றவர்கள் வருகைப் பதிவேட்டில் பார்த்திருக்கலாம். எனக்கு அது வாசிப்பில் தெரிந்தது. வயிறு நிறைந்த பிள்ளை ஒரு வரியில் தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து வாசித்துப் பார்க்கும். பசியோடு இருக்கும் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். அதனால் காலை முதல் ஒரு மணி நேரத்தை வாசிப்புக்கென்றே எடுத்துவைத்தேன்.

தமிழில் ஒரு பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்வதைக் காதால் கேட்க முடியும். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

நம் எழுத்தில் ‘க’ ஒன்றுதான். ‘கடல்’ என்பதில் அதற்கு ஓர் ஒலி, ‘தங்கம்’ என்பதில் வேறு ஒலி, ‘மகள்’ என்பதில் இன்னும் மெலிந்த ஒலி. ‘பாம்பு’ என்ற சின்னச் சொல்லிலேயே முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. எழுத்துக்கூட்டும் பிள்ளை எல்லாவற்றையும் ஒரே வல்லோசையில்தான் சொல்லும். த... ங்... க... ம்... என்று, ‘கடல்’ என்பதில் வரும் அந்தக் கனத்த ‘க’வையே போடும். மறுபடி கூட்டும். கொஞ்சம் வேகமாக இன்னொரு தடவை. சட்டென்று குரல் மாறும். வீட்டில் அப்பத்தா கூப்பிடுகிற அதே ‘தங்கம்’ வாயில் வந்துவிடும். எழுத்து அந்த இடத்தில்தான் சொல்லாகிறது. யாரும் அதற்கு ஒலி மாற்றச் சொல்லிக் கொடுப்பதில்லை. பேசத் தெரிந்த சொல் என்று அடையாளம் கண்ட உடனே ஒலி தானாகத் திருந்திக்கொள்கிறது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாலும் முதுகுக்குப் பின்னால் அந்த மாற்றம் எனக்குக் கேட்கும். கேட்டதும் திரும்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் அந்தப் பிள்ளையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த மாற்றத்தைத் தாளில் பார்க்க முடியாது. பார்த்து எழுதும் பிள்ளையின் நோட்டும் வாசித்து எழுதும் பிள்ளையின் நோட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் தினம் ஒருமுறையாவது எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கிடைத்தாலே பெரிது. எதிரே உட்கார மாட்டேன். பாயில் பிள்ளைக்குப் பக்கத்தில், அது பார்க்கிற பக்கத்தை நானும் பார்க்கிற மாதிரி உட்காருவேன். தடுக்கினால் உடனே எடுத்துக்கொடுப்பதில்லை. மனசுக்குள் ஐந்து எண்ணுவேன். அதற்கும் வரவில்லை என்றால் அடுத்த எழுத்தை மட்டும் சொல்வேன். முழுச் சொல்லையும் சொல்லிவிட்டால் அடுத்த தடவை பிள்ளை புத்தகத்தைப் பார்க்காது, என் வாயைப் பார்க்கும்.

நன்றாக வாசிக்கிறது என்று ஒன்றாம் வகுப்பில் பெயரெடுத்து வரும் பிள்ளைகளைத்தான் முதலில் உட்காரவைத்துக் கேட்பேன். கணீரென்று பாடம் முழுக்கச் சொல்லும். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். படத்தைப் பார்த்தே பாடத்தைத் தொடங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு. இது பொய் இல்லை. காதால் வாங்கியதைத் திருப்பிச் சொல்லும் நல்ல ஞாபகம். ஆனால் அதை வாசிப்பு என்று எண்ணி விட்டுவிட்டால் நாலாம் வகுப்பில் அறிவியல் புத்தகத்தின் முன்னால் அந்தப் பிள்ளை திகைத்து உட்கார்ந்திருக்கும். அதனால் அதே பாடத்துச் சொற்களைக் கீழ்மட்டக் கரும்பலகையில் இடம் மாற்றி எழுதிப் போடுவேன். கோழி மரத்தில் ஏறியது என்று இருந்தால், மரம் கோழியில் ஏறியது என்று. உண்மையாக வாசிக்கும் பிள்ளை சிரிக்கும். சிரிக்காத பிள்ளைகளின் பெயரை அன்றைக்கே குறித்துக்கொள்வேன்.

எழுத்தின் சிக்கல்களும் இந்த வகுப்பில்தான் மொத்தமாக வந்து சேர்கின்றன. புள்ளி முதல் சிக்கல்: படம், பட்டம், பாடம், பாட்டி நாலும் ஒன்றுபோல் தெரியும். அடுத்தது கால். ‘ா’ என்ற கோடும் ‘ர’ என்ற எழுத்தும் ஏழு வயதுக் கண்ணுக்கு ஒன்றுதான். ‘கோ’ என்பதை ‘கே’ என்றும் ‘ர’ என்றும் பிரித்து வாசிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. இதைவிடப் பெரிய மலை உகர வரிசை. ஆகாரத்துக்கு எல்லா எழுத்துக்கும் ஒரே கால்தான். உகரத்துக்கு அப்படி ஒரு பொது அடையாளம் கிடையாது. அதனால் கரும்பலகையில் மூன்று வீடு வரைவோம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு வீட்டில். சு, பு, யு, வு அடுத்த வீட்டில். து, நு, ணு, லு, று, னு மூன்றாவது வீட்டில். புதிதாக ஒரு சொல் வந்தால் அதில் உள்ள எழுத்து எந்த வீட்டுப் பிள்ளை என்று ஓடிப்போய்த் தொட்டுக் காட்ட வேண்டும். ஆவணி மாதம் முழுக்க இந்த ஓட்டம்தான் நடக்கும்.

ஒருநாள் ஒரு சிறுமி வீட்டுப்பாடத்தில் ‘மலை’ என்று எழுதியிருந்தாள். அதில் ‘லை’ என்ற எழுத்து இன்றைய எழுத்தாக இல்லை. ‘ல’வின் தலையில் யானைத் தும்பிக்கைபோல ஒரு வளைவு சேர்ந்திருந்தது. பக்கத்துப் பையன் ‘தப்பு, தப்பு’ என்று கத்த, அவள் ‘எங்க அப்பத்தா சொல்லிக்குடுத்தது’ என்று அழாத குறையாக நின்றாள். எனக்கு அந்த எழுத்தைப் பார்க்கவே ஆசையாக இருந்தது. பெரியார் 1935இலேயே ‘குடிஅரசு’ இதழில் லை, ளை, ணை, னை, ணா, றா, னா போன்றவற்றை எளிதாக்கி அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணை போட்டது 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். அந்தப் பாட்டி அதற்கு முன்னால் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அன்றைக்கு உகர வரிசையை நிறுத்திவிட்டு, இரண்டு ‘லை’யையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். தும்பிக்கை எழுத்தை எல்லாரும் எழுதிப் பார்த்தார்கள். சாயங்காலம் பேத்தியைக் கூப்பிட வந்த பாட்டி வாசலிலேயே நின்றார்.

‘டீச்சரம்மா, நான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேனா?’

‘இல்லம்மா. நீங்க படிச்சப்ப அதுதான் எழுத்து. இப்ப மாத்தியிருக்காங்க. நீங்க விடாமச் சொல்லிக்குடுங்க.’

மறுநாள் அந்தப் பாட்டி இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுத்தான் போனார்.

இன்னொரு தடை, பேசும் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள இடைவெளி. எங்கள் ஊரில் கன்னடமோ தெலுங்கோ பேசும் வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு இது இன்னும் ஒரு படி கூடுதல். எல்லாருக்குமே ‘இருக்கு’ தெரியும், ‘இருக்கிறது’ புதிது. மழை, பழம், வாழை எதையும் ஊர் வாய் ‘ழ’ போட்டுச் சொல்வதில்லை. அதனால் நோட்டில் ‘வாளப்பளம்’ காய்த்துத் தொங்கும். ‘அம்மாவைப் பற்றி ஒரு வரி’ என்று கேட்டதற்கு ஒரு பையன் எழுதினான்: ‘எங்கம்மா வெள்ளன மலைக்கு போயிரும்.’ எழுத்துப் பிழை ஒன்று கூட இல்லை. சொந்தமாக யோசித்து, யாரையும் பார்க்காமல், சொல்ல வேண்டியதை ஒரு வரியில் சொல்லிவிட்டான். இதில் சிவப்பு மையைத் தொடக்கூடாது என்பது என் முடிவு. அந்த வரியின் கீழே நான் இன்னொரு வரி எழுதினேன்: ‘என் அம்மா அதிகாலையிலேயே மலைக்குப் போய்விடுவார்.’ ரெண்டையும் அவனை வாசிக்கச் சொன்னேன். ‘ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்’ என்றான். ஆமாம், ஒன்று வீட்டில் பேசுவது, இன்னொன்று புத்தகத்தில் வருவது என்றேன். புத்தகத் தமிழ் தானாக வந்துவிடும். மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு என்று போகப் போக வரும். சொந்தமாக ஒரு வரி எழுதும் துணிச்சல் இந்த வயதில் போய்விட்டால் திரும்ப வராது.

தெரிந்த பொருளாக இருந்தால் வாசிப்பு எவ்வளவு தூரம் தாவும் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை வெட்டிச் சுவரில் ஒட்டினோம். ‘பன்னீர்’, ‘திராட்சை’ எல்லாம் பாடத்தில் வந்தால் பிள்ளைகள் மூச்சுத் திணறும் சொற்கள். ஆனால் அப்பா கவாத்து வெட்டப் போகிற பிள்ளை ‘திராட்சை’யை ஒரே மூச்சில் வாசித்தது. ‘குறியீடு’ என்பதில்தான் நின்றது.

கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்பத்தேழு என்று சொன்னால் 407 என்று எழுதுவது இரண்டாம் வகுப்பில் வழக்கம். நாற்பதை முழுதாக எழுதி, பக்கத்தில் ஏழை வைத்துவிடுவார்கள். காதில் விழுவது அப்படித்தானே விழுகிறது! இதற்கு ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்துக்கொண்டு நாலு கட்டு, ஏழு உதிரி என்று எண்ணுவோம். ஒரு வருஷம் ஒரு பையன் சின்னமனூர்ப் பக்கமிருந்து வந்து சேர்ந்திருந்தான். அவன் வீட்டில் எல்லாரும் வெற்றிலைக் கொடிக்கால் வேலை. தமிழில் அவன் ரொம்பப் பின்தங்கியிருந்தான். குச்சியைக் கொடுத்ததும் இடது கையில் விசிறிபோல் விரித்துப் பிடித்து, வலது கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணினான். பத்தானதும் கட்டு. மற்றவர்கள் மூன்று கட்டுப் போடுவதற்குள் அவன் பத்துக் கட்டையும் சேர்த்து ஒன்றாகக் கட்டி என்னிடம் நீட்டினான். ‘ஒரு கவுளி டீச்சர்.’ நூறு வெற்றிலை ஒரு கவுளி. நூறை நான் அந்த வகுப்பில் இன்னும் நடத்தியிருக்கவே இல்லை. அன்றிலிருந்து அவனுக்குப் பக்கத்தில் கணக்கு கேட்க எப்போதும் ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கு வாயும் வரும்; அரைப் பரீட்சைக்குள் அவன் தமிழும் மேலே ஏறியது.

பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நான் செயல்வழிக் கற்றலில் பழகியது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த முறை. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பாட அட்டையும், பாடப் படிகளைக் காட்டும் ஏணிப்படியும் வந்தன. ஆசிரியர் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவர் உதவி, தன் கற்றல் என்று பிள்ளைகள் வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். அட்டைகளைத் தேடுவதிலேயே நேரம் போகிறது என்று அப்போது பலரும் குறைப்பட்டார்கள்; அதில் நியாயமும் இருந்தது. ஆனால் ஆசிரியரைத் தரையில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தது அந்த முறைதான். அட்டைகள் போன பிறகும் நான் பாயை விடவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் வாசிப்பைக் கேட்பது இன்றும் எங்கள் வகுப்பில் நடக்கிறது.

நான் பார்த்ததில் மிகக் கடினமான இரண்டாம் வகுப்பு, கொரோனாவுக்குப் பிறகு வந்தது. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஒன்றாம் வகுப்பில் பெயர் மட்டும் பதிந்து, பள்ளி வாசலையே மிதிக்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள். பென்சில் பிடிக்க வராது. வட்டமாக உட்காரத் தெரியாது. கூப்பிட்டால் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளிவார்கள். அப்போது தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், எங்கள் ஊரில் ஒரு பெண் கோயில் மண்டபத்தில் சாயங்காலம் அவர்களை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்தப் பிள்ளைகள் தேறியதில் அவளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது எங்களைப் போன்ற பல வகுப்புப் பள்ளிக்கு நன்றாகப் பொருந்துகிறது. அரும்பில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை, கூச்சம் இல்லாமல் இரண்டாம் வகுப்போடு உட்கார்ந்து எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. மதிப்பீட்டைச் செல்போனில் ஏற்றும் வேலை அதிகம். விவரம் தேவைதான், மறுக்கவில்லை. காலை முதல் ஒரு மணி நேரம் மட்டும் போன் பீரோவுக்குள் இருக்கும்.

பள்ளியில் ரெண்டு நிமிஷம் போதாது என்பதால், பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி, உலை வைக்கும்போது, பிள்ளையை அடுப்படியில் உட்காரவைத்து ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ‘எனக்கே படிக்கத் தெரியாதே டீச்சர்’ என்பார்கள். தெரிய வேண்டாம். புத்தகத்தைப் பார்க்கவே வேண்டாம். காதில் விழுவது நாம் பேசுகிற சொல்லாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லை என்றால், திட்டாமல், ‘என்ன சொன்ன, திரும்பச் சொல்லு’ என்று கேளுங்கள்.

பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஓர் அம்மா அடுத்த கூட்டத்தில் சொன்னார்: ‘கேரழி கூவுச்சுன்னு படிச்சான் டீச்சர். கேரழியா, அப்படி என்னடா ஒண்ணு இருக்குன்னு கேட்டேன். திரும்பப் பார்த்துட்டு, கோழிம்மான்னுட்டான்.’

அந்தப் பையன் மொட்டிலிருந்து மலருக்கு வந்துவிட்டான். கூட்டத்துக்கு வர முடியாத அம்மாக்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். தை பிறந்து காய் பறிப்பு குறைந்ததும், ஜீப்பு வந்து நிற்கும் இடத்துக்கே சாயங்காலம் போய் அவர்களிடம் இதைச் சொல்வதாக இருக்கிறேன். தும்பிக்கை ‘லை’ எழுதிய பாட்டியும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.